அதிமதுரமும் அழுத்த மாத்திரையும்

பாட்டி காலத்துக் கேள்வி

நாட்டு மருந்தைப் பற்றிய பேச்சு எந்த வீட்டில் எழுந்தாலும் ஒரு கேள்வி தவறாமல் வரும்: “தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வருகிறோம், பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே, எனக்கு மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது?” இதை அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. கேள்விக்குள் ஒரு நியாயம் இருக்கிறது. நூற்றாண்டுகளாகப் பல்லாயிரம் பேர் உட்கொண்ட ஒரு வேர், தின்றவரை உடனே வீழ்த்தக்கூடியதாக இருந்திருந்தால் அது எப்போதோ தெரிந்திருக்கும். அரளி விதை உயிரைக் குடிக்கும் என்பதும், சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கக் கூடாது என்பதும் அப்படித் தெரிந்துகொண்டவைதாம்.

ஆனால் அனுபவத்தின் கண்ணுக்குத் தப்பிவிடும் தீங்குகள் இரண்டு வகை உண்டு. ஒன்று, மெதுவாக வருவது. இரத்த அழுத்தம் மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே போனாலும் அதை அளக்கக் கருவி இல்லாத காலத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. பக்கவாதம் வந்தபின் அதையும், காலையில் குடித்த கஷாயத்தையும் இணைத்துப் பார்க்க வழியே இல்லை. இன்னொன்று, முன்பு இல்லாத ஒன்றோடு சேரும்போது மட்டும் வருவது. பாட்டி அதிமதுரம் சாப்பிட்டார்; ஆனால் நீர் பிரியவைக்கும் மாத்திரையும், இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையும், சர்க்கரை மாத்திரையும் சாப்பிடவில்லை. அவருடைய பேரன் சாப்பிடுகிறார். பாட்டியின் அனுபவம் பேரனுக்குச் சான்றாகாமல் போவது இந்த இடத்தில்தான்.

இந்த அத்தியாயம் சொல்ல விரும்புவது இதுதான்: ஒரு மூலிகை பாதுகாப்பானதா என்ற கேள்விக்குத் தனியாக விடை கிடையாது. எந்த மூலிகை, எவ்வளவு, எத்தனை நாள், எந்த மாத்திரையோடு, எந்த உடம்பில் என்ற ஐந்தும் சேர்ந்துதான் விடையைத் தீர்மானிக்கின்றன. பாதுகாப்பு என்பது சேர்க்கையைப் பொறுத்தது. அப்படியானால் அந்தச் சேர்க்கையை முழுதாகப் பார்க்க ஒருவர் வேண்டும். நம் மருத்துவ அமைப்பில் அதற்கு மிகப் பொருத்தமான இடத்தில் நிற்பவர் செவிலியர்.

தொடங்குமுன் இரு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். மருத்துவர் தந்த சிகிச்சையை விடாமல், அதோடு நோயாளி தானாகச் சேர்த்துக்கொள்ளும் கஷாயம், சூரணம், எண்ணெய்த் தேய்ப்பு, ஒத்தடம், யோகாசனம், அக்குபிரஷர் போன்றவற்றை ‘இணைமுறைகள்’ என்போம். சிகிச்சையை விட்டுவிட்டு அதன் இடத்தில் வேறொன்றை வைத்தால் அது ‘மாற்றுமுறை’. பதிவு பெற்ற சித்த மருத்துவர் ஒருவர் நாடி பார்த்து, நோயறிந்து, பத்தியம் சொல்லித் தரும் சிகிச்சை இங்கே பேசுபொருள் அல்ல. யாரும் எழுதித் தராமல், யாரிடமும் சொல்லாமல் சாப்பிடும் பொட்டலங்களைப் பற்றியே பேசப்போகிறோம்.

சொல்லப்படாத மருந்து

1993-ல் அமெரிக்காவில் டேவிட் ஐசன்பர்க்கும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஓர் ஆய்வு மருத்துவ உலகைத் திடுக்கிட வைத்தது. 1990-ல் அவர்கள் தொலைபேசி வழியே கேட்டறிந்ததில், மூவரில் ஒருவர் வழக்கமான மருத்துவத்துக்கு வெளியே உள்ள ஏதேனும் ஒரு முறையைப் பயன்படுத்தியிருந்தார். அதைவிடப் பெரிய செய்தி அடுத்ததில் இருந்தது. அப்படிப் பயன்படுத்தியவர்களில் 72 சதவீதத்தினர் தங்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லவில்லை. 1997-ல் மீண்டும் கேட்டபோது பயன்படுத்துவோர் 42 சதவீதமாகக் கூடியிருந்தனர். மருத்துவரிடம் சொல்லும் வழக்கம் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருந்தது.

ஏன் சொல்வதில்லை? பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. டாக்டர் திட்டுவார் என்ற அச்சம், இது அவருக்குத் தெரியவேண்டிய விஷயம் இல்லை என்ற எண்ணம், யாரும் கேட்கவே இல்லை என்ற எளிய உண்மை. நம் ஊரில் நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். சுக்கும் மிளகும் அதிமதுரமும் நமக்கு மருந்தாகவே தோன்றுவதில்லை. அவை அஞ்சறைப்பெட்டியைச் சேர்ந்தவை. “வேறு மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்று கேட்டால், தினமும் இரண்டு வேளை சூரணம் சாப்பிடுபவரும் “இல்லை” என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. கேள்வி அவருடைய பொட்டலத்தைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரே வளாகத்தில் சித்த மருத்துவப் பிரிவும் இயங்குகிறது. ஓர் அறையில் மாத்திரையும் பக்கத்து அறையில் சூரணமும் வாங்கிக்கொண்டு ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்பவர்கள் ஏராளம். அதற்கு வெளியே கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடை, இணையத்தில் காப்ஸ்யூல், உறவினர் சொன்ன பச்சிலை. இத்தனையும் சேர்ந்து வயிற்றில் சந்திக்கின்றன. எந்தக் காகிதத்திலும் சந்திப்பதில்லை.

சிறுநீரகத்தின் காவலர்

ஒரே ஒரு வேரை எடுத்துக்கொண்டு, சேர்க்கை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். இருமல், தொண்டைக் கரகரப்பு, வயிற்றுப்புண் ஆகியவற்றுக்கு நாம் நம்பும் அதிமதுரம் ஐரோப்பாவிலும் பழைய மருந்து. 1940-களில் ரெவர்ஸ் என்ற நெதர்லாந்து மருத்துவர் வயிற்றுப்புண் நோயாளிகளுக்கு அதிமதுரச் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். புண் ஆறும் அறிகுறி தெரிந்தது. கூடவே சிலருக்கு உடல் வீங்கியது. உப்பும் நீரும் உடலிலேயே தங்கிவிட்டன. வயிற்றுக்குக் கொடுத்த மருந்து சிறுநீரகத்தில் என்ன செய்தது என்ற புதிர் நாற்பது ஆண்டுகள் நீடித்தது. 1987-ல் எடின்பரோ ஆய்வாளர்கள் விடையைக் கண்டார்கள்.

நம் உடலில் ஆல்டோஸ்டிரோன் என்றொரு ஹார்மோன் சுரக்கிறது. அது சிறுநீரகச் செல்களில் உள்ள ஏற்பியில், அதாவது ஹார்மோனின் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதத்தில், போய் அமரும். உடனே சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்துவைத்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளும். சோடியம் தங்கினால் நீரும் தங்கும். இரத்த அழுத்தம் ஏறும். கார்டிசால் என்ற வேறொரு ஹார்மோனும் இதே ஏற்பியில் அமர வல்லது. அது இரத்தத்தில் ஆல்டோஸ்டிரோனைவிடப் பல மடங்கு அதிகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அத்தனையும் உள்ளே நுழைந்தால் சிறுநீரகம் ஓயாமல் உப்பைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்ள, வாசலில் ஒரு காவலரைப் போல ஒரு நொதி நிற்கிறது. வரும் கார்டிசாலை எல்லாம் அது செயலற்ற வேறொரு பொருளாக மாற்றிவிடும். ஆல்டோஸ்டிரோனை மட்டும் உள்ளே விடும்.

அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் குடலில் உள்ள பாக்டீரியாக்களால் வேறொரு பொருளாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அந்தப் பொருள் நேராகப் போய் அந்தக் காவலரைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. கார்டிசால் தடையின்றி நுழைகிறது. ஆல்டோஸ்டிரோன் ஏராளமாகச் சுரந்ததாக எண்ணிச் சிறுநீரகம் உப்பைப் பிடிக்கிறது, பொட்டாசியத்தை இழக்கிறது. ஒருபக்கம் இரத்த அழுத்தம் ஏற, மறுபக்கம் தசைகளும் இதயமும் சீராக இயங்கத் தேவையான பொட்டாசியம் இறங்குகிறது. அதிமதுரத்தை நிறுத்திய பிறகும் அந்த நொதி பழைய நிலைக்குத் திரும்பச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகலாம்.

எவ்வளவு சாப்பிட்டால் இது நிகழும்? ஐரோப்பிய அறிவியல் குழு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசினை மேல் எல்லையாக வைத்தது. 2024-ல் சுவீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழக ஆய்வில், ஆரோக்கியமான 28 இளைஞர்களும் இளம்பெண்களும் அந்த 100 மில்லிகிராமை மட்டுமே தினமும் எடுத்துக்கொண்டபோதும் இரத்த அழுத்தம் சற்று ஏறியது. வேரில் கிளிசிரைசின் எவ்வளவு என்பது செடிக்குச் செடி, மண்ணுக்கு மண் மாறும். 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 5 கிராம் பொடியில் 200 மில்லிகிராம் இருக்கும். காலையில் ஒரு சிறு கரண்டி, இரவில் ஒரு சிறு கரண்டி என்று தேனில் குழைத்துச் சாப்பிட்டாலே ஏறக்குறைய இந்த அளவு வந்துவிடும். இரண்டு நாள் தொண்டைக் கரகரப்புக்கு இதனால் ஆரோக்கியமான ஒருவருக்குப் பெரிய கேடு வராது. இரண்டு மாதம் தொடர்ந்தால், அதுவும் ஏற்கெனவே அழுத்தம் உள்ளவர் தொடர்ந்தால், கதை வேறு.

ஒரு நோயாளி, ஒரு சங்கிலி

இப்போது ஒருவரை எண்ணிக்கொள்வோம். வயது 62. இரத்த அழுத்தம் 150/94. எனலாப்ரில் மாத்திரை தொடங்குகிறார்கள். அழுத்தத்தைக் குறைக்கும் நல்ல மருந்துதான். ஆனால் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். அந்த மாத்திரை தடுக்கும் நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு: மூச்சுக்குழாயை உறுத்தும் பிராடிகினின் என்ற பொருளைச் சிதைப்பது. சிதைக்க ஆள் இல்லாததால் பிராடிகினின் தங்கி, தொண்டை உறுத்துகிறது. மூன்றாவது வாரத்தில் நம்மவருக்கு இருமல் தொடங்குகிறது. அழுத்தத்துக்குத் தந்த மாத்திரை இருமலைத் தரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பனிக்காலம் என்று நினைக்கிறார். நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரப் பொடி வாங்குகிறார். தொண்டைக்கு இதமாக இருக்கிறது. ஆனால் இருமலின் காரணம் மாத்திரையில் இருப்பதால் இருமல் போகவில்லை. பொடியும் நிற்கவில்லை.

அடுத்த மாதம் மருத்துவமனைக்கு வருகிறார். அழுத்தம் 164/98. மாத்திரை போதவில்லை என்று மருத்துவர் முடிவு செய்வது இயல்பு. கையில் உள்ள தகவலை வைத்து அவர் செய்யக்கூடியது அதுதான். நீர் பிரியவைக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு மாத்திரை சேர்கிறது. அது உப்போடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும். அதிமதுரமும் அதையே செய்துகொண்டிருக்கிறது. எனலாப்ரில் வழக்கமாகப் பொட்டாசியத்தைச் சற்றுக் காப்பாற்றும். ஆல்டோஸ்டிரோனைக் குறைத்துத்தான் அது இதைச் செய்கிறது. இங்கோ அந்த இடத்தில் கார்டிசால் அமர்ந்திருப்பதால் அந்தக் காப்பும் பயன்படவில்லை. சில வாரங்களில் இரவில் கெண்டைக்கால் இழுக்கிறது, படியேறினால் கால் துவள்கிறது, நெஞ்சு படபடக்கிறது. “வயசாயிடுச்சு” என்று அவரே விளக்கமும் சொல்லிக்கொள்கிறார். இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கவேண்டும்; அவருக்கு 3 ஆக இறங்கியிருக்கிறது. இதய நோய்க்காக டிகாக்சின் மாத்திரையும் சாப்பிடுபவராக இருந்தால் இந்த இறக்கம் உயிருக்கே ஆபத்து.

இந்தச் சங்கிலியில் தீயவர் யாரும் இல்லை. எனலாப்ரில் தவறான மருந்தில்லை, அதிமதுரமும் நஞ்சில்லை, மருத்துவர் அலட்சியம் காட்டவில்லை, நோயாளி முட்டாள்தனம் செய்யவில்லை. ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த பாதியை வைத்துச் சரியாகவே நடந்துகொண்டார்கள். இரு பாதிகளும் ஓரிடத்தில் சேராததுதான் நோயாயிற்று.

செவிலியர் கேட்கும் கேள்வி

அதே நோயாளியின் கையில் அழுத்தமானியின் பட்டையைச் சுற்றிக்கொண்டே செவிலியர் பேச்சுக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். “இருமுறீங்களே ஐயா, எத்தனை நாளா? வீட்டுல அதுக்கு என்ன எடுத்துக்கிறீங்க?” “அதிமதுரப் பொடிதான் சிஸ்டர். தேன்ல குழைச்சு காலையில, ராத்திரியில.” “எப்ப இருந்து? இந்த மாத்திரை ஆரம்பிச்சதுக்கு முன்னாடியா, பின்னாடியா?” “மாத்திரை ஆரம்பிச்சு மூணு வாரம் கழிச்சுதான் இருமலே வந்துச்சு.” அவ்வளவுதான். சங்கிலியின் இரு முனைகளும் அந்த ஒரு பதிலில் சேர்ந்துவிட்டன. கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் சில நொடி அழுத்திப் பார்க்கிறார். விரலை எடுத்தபின் குழி அப்படியே நிற்கிறது, அதாவது நீர் தேங்கியிருக்கிறது. சீட்டின் ஓரத்தில் “அதிமதுரப் பொடி, தினம் இருவேளை, ஆறு வாரமாக; இருமல் வந்தது எனலாப்ரில் தொடங்கியபின்” என்று எழுதி மருத்துவரிடம் அனுப்புகிறார். மருத்துவர் பொட்டாசியம் பார்க்கச் சொல்வார்; எனலாப்ரிலை மாற்றி, இருமல் தராத டெல்மிசார்டான் போன்ற ஒன்றைத் தருவார். இருமல் சில வாரங்களில் தணியும். பொடிக்குத் தேவையே இருக்காது.

அந்தக் கேள்வியின் அமைப்பைக் கவனிக்கவேண்டும். “மருந்து” என்ற சொல் அதில் இல்லை. “வீட்டுல என்ன எடுத்துக்கிறீங்க” என்பது, எடுத்துக்கொள்வது இயல்புதான் என்று ஒப்புக்கொண்டே தொடங்குகிறது. காலையில் எழுந்ததும் என்ன குடிப்பீர்கள், மூட்டுக்கு என்ன தேய்ப்பீர்கள், தூக்கம் வராவிட்டால் என்ன செய்வீர்கள், மலச்சிக்கலுக்கு என்ன சாப்பிடுவீர்கள் என்று நோய்க்குறியைப் பிடித்துக் கேட்டால் பொட்டலங்கள் தாமாகவே வெளியே வரும். பதில் வந்ததும் முகம் சுளிக்காமல் இருப்பது கேள்வியின் பாதி. “இதெல்லாம் ஏன் சாப்பிடுறீங்க?” என்ற ஒரு கடிதல் அடுத்த பத்து வருகைகளுக்கு அவர் வாயை மூடிவிடும்.

ஏன் செவிலியர்? நோயாளியின் உடலைத் தொட்டு, அருகில் அமர்ந்து, திரும்பத் திரும்பப் பார்ப்பவர் அவரே. மருத்துவர் அறையில் சொல்லத் தயங்கியதை ஊசி போடும் இடத்தில் சொல்பவர்கள் பலர். 2021-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நோய்த்தணிப்புச் செவிலியர்கள் வீட்டுக்கே போகிறார்கள். அலமாரியில் மாத்திரை அட்டையும் சூரண டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை நேரில் காணும் வாய்ப்பு மருத்துவப் பணியாளர்களில் மிகச் சிலருக்கே கிடைக்கும்.

கேட்டபின் என்ன செய்வது

கேட்டு அறிந்ததை மூன்றாகப் பிரிக்கலாம். முதல் வகை, தடையின்றித் தொடரக்கூடியவை. அறுவைச் சிகிச்சை நோயாளிகளுக்கு இசை கேட்க வைத்தால் வலியும் பதற்றமும் குறைகின்றன என்று 73 ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. மூச்சுப் பயிற்சி, மென்மையான கை கால் பிடித்துவிடல், குழம்பிலும் ரசத்திலும் சேரும் மஞ்சள், மிளகு, பூண்டு எல்லாம் இந்த வகை. நோயாளிக்கு இதம் தருபவற்றைச் செவிலியர் மனமாரத் தொடரச் சொல்லலாம்.

இரண்டாம் வகை, நிபந்தனையோடு தொடரக்கூடியவை. ஒத்தடம் நல்லது, ஆனால் நீண்டகாலச் சர்க்கரை நோயில் பாதம் மரத்திருப்பவருக்குச் சூடு தெரியாது, தோல் வெந்தபின்தான் தெரியும். யோகாசனம் நல்லது, ஆனால் கிளாக்கோமா உள்ளவர் தலைகீழாக நின்றால் கண்ணின் அழுத்தம் ஏறும். எண்ணெய் தேய்ப்பது நல்லது. ஆனால் ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், உள்ளே இரத்தக்கட்டி இருக்கலாம், தேய்க்கக் கூடாது. சிறுகுறிஞ்சானும் பாகற்சாறும் குடிப்பவர் சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குகிறதா என்று கூடுதலாகச் சோதிக்கவேண்டும்.

மூன்றாம் வகை, மருத்துவர் பார்க்கும்வரை நிறுத்திவைக்க வேண்டியவை. நம் அதிமதுரம்-அழுத்த மாத்திரை இணை இதில் சேரும். இரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர் பூண்டுக் காப்ஸ்யூலோ கிங்கோ மூலிகையோ எடுத்தால் இரத்தப்போக்கு அபாயம் கூடலாம். நிலவாகைச் சூரணத்தை நெடுநாள் தினமும் எடுத்தால் பேதியோடு பொட்டாசியமும் போகும். ஐரோப்பாவில் மனச்சோர்வுக்குப் பயன்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிட்டு மற்ற மருந்துகளை விரைந்து கரைத்துவிடும். 2000-ல் வெளியான ஆய்வில் எச்.ஐ.வி. மருந்தான இண்டினாவிர் இரத்தத்தில் 57 சதவீதம் குறைந்தது. மாற்று உறுப்பு பொருத்தியவர்கள், வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள், காசநோய், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், கருவுற்றவர்கள், சிறுநீரகம் பழுதுற்றவர்கள், இரு வாரத்தில் அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் எவராயினும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கவேண்டும்.

அளவும் வடிவமும் வகையை மாற்றிவிடும். குழம்பில் சேரும் மஞ்சளின் சத்து உடலில் மிகக் குறைவாகவே சேரும். 1998-ல் பெங்களூருவில் நடந்த ஆய்வு, மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தால் மஞ்சளின் குர்குமின் உடலில் சேர்வது 2000 சதவீதம் கூடுவதைக் காட்டியது. அதன்பின் மஞ்சளையும் பைப்பரினையும் செறிவாக்கிய காப்ஸ்யூல்கள் பெருகின. மஞ்சள் பொருட்களால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரை அமெரிக்க ஆய்வாளர்கள் 2022-ல் பதிவு செய்தார்கள். அவர்களில் 7 பேரிடம் ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருந்தது. காப்ஸ்யூலைப் பார்த்து மஞ்சளுக்குப் பயப்படவேண்டியதில்லை. மஞ்சளை நம்பிக் காப்ஸ்யூலை விழுங்கவும் கூடாது.

பெயர் தெரியாத பொட்டலம் எப்போதும் மூன்றாம் வகைதான். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதப் பொருட்களை வாங்கிச் சோதித்த 2008-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. உரிமம், தொகுதி எண், உட்பொருள் பட்டியல் இல்லாத எதையும் உள்ளே அனுப்பக் கூடாது.

எழும் மறுப்புகள்

இது செவிலியரின் வேலையா, அவருக்கு மூலிகை பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். அவர் மருந்தெழுதவும் தடைவிதிக்கவும் வேண்டியதில்லை. கேட்பது, எழுதுவது, வகை பிரிப்பது, மருத்துவரிடமோ சித்த மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ சேர்ப்பது மட்டும் போதும். ஆறு வாரமாக அதிமதுரம் என்று எழுதிய செவிலியருக்குக் கிளிசிரைசின் என்ற சொல்கூடத் தெரிந்திருக்கத் தேவையில்லை. நேரம் எங்கே என்பது இன்னும் நியாயமான மறுப்பு. நெரிசலான வார்டில் ஒரு செவிலியர் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்பது எல்லோரும் அறிந்தது. கூடுதல் செவிலியர்கள் வேண்டும் என்ற கோரிக்கைக்கு இது இன்னொரு காரணம். அதுவரை, மேலே சொன்ன அபாயப் பட்டியலில் உள்ளவர்களிடம் மட்டுமாவது, அழுத்தம் பார்க்கும் அந்த ஒரு நிமிடத்தில் கேட்கலாம்.

இது நம் மரபு மருத்துவத்தின் மீது சந்தேகம் கிளப்பும் வேலை என்று சிலர் வருந்தலாம். நாம் கண்ட சங்கிலி அலோபதி மாத்திரை தந்த இருமலில்தான் தொடங்கியது. கேள்வி இரு பக்கத்தையும் சமமாகவே விசாரிக்கிறது. மேலும், ‘பக்கவிளைவே கிடையாது’ என்பது சித்த மருத்துவத்தின் கொள்கை அன்று. அளவு, அனுபானம், பத்தியம், சுத்தி என்று இத்தனை கட்டுப்பாடுகளை வகுத்த மரபு, மருந்து தீங்கும் செய்யும் என்று அறிந்தே வகுத்தது. பத்தியத்தைக் கழித்துவிட்டுப் பொடியை மட்டும் விற்பவர்களே மரபுக்குத் துரோகம் செய்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு மறுப்பு வரும்: நிரூபிக்கப்படாதவற்றைப் பற்றிப் பரிவோடு கேட்பதே அவற்றுக்கு அங்கீகாரம் ஆகாதா? இதற்கு 2018-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு விடை தருகிறது. புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சையோடு இணைமுறைகளையும் சேர்த்துக்கொண்ட 258 பேரை அவர்கள் மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். இணைமுறைக்காரர்களின் இறப்பு அபாயம் இரண்டு மடங்கு. ஏன் என்று பார்த்தபோது, அவர்களில் பலர் அறுவையையோ கீமோவையோ கதிர்வீச்சையோ மறுத்திருந்தது தெரிந்தது. அதைக் கணக்கில் எடுத்ததும் வேறுபாடு உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லாமல் போனது. கூடுதல் ஆபத்தின் பெரும்பகுதி, விட்டுவிட்ட சிகிச்சையில் இருந்தது. இணைமுறை மாற்றுமுறையாக நழுவும் அந்தக் கணத்தைப் பிடிப்பதுதான் முதன்மையான பணி. பேச்சுவார்த்தையைத் துண்டித்தவரால் அதைப் பிடிக்க முடியாது.

செவிலியரே நம்பிக்கையில் மயங்கிவிட்டால்? அதுவும் நடந்திருக்கிறது. உடலைத் தொடாமல் கைகளை அசைத்தே ‘சக்தி மண்டலத்தை’ உணர்ந்து குணப்படுத்துவதாகச் சொன்ன ஒரு முறை, 1970-கள் முதல் அமெரிக்கச் செவிலியரிடையே பரவியது. எமிலி ரோசா என்ற 9 வயதுச் சிறுமி வடிவமைத்த எளிய சோதனையில், தடுப்புக்குப் பின்னாலிருந்து அவள் தன் கையை அவர்களின் எந்தக் கைக்கு மேலே நீட்டியிருக்கிறாள் என்று அந்த முறையைச் செய்பவர்கள் 21 பேர் சொல்லவேண்டியிருந்தது. 280 முறை கேட்டதில் 44 சதவீதமே சரி. கண்ணை மூடி ஊகித்தாலே பாதி சரியாகியிருக்கும். 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழ் இதை வெளியிட்டது. பரிவு ஒரு திறமை, சான்றைச் சோதிப்பது இன்னொரு திறமை. செவிலியர் கல்வி இரண்டையும் கற்றுத்தர வேண்டும்.

வாசகருக்கு ஒரு சொல்

செவிலியர் கல்லூரிகள் இந்த உரையாடலைப் பாடமாக்க வேண்டும். மருத்துவமனைச் சீட்டில் ‘வீட்டு மருந்து’ என்று ஒரு கட்டம் அச்சிட வேண்டும். மரபு மருந்துகளால் ஏற்படும் பாதிப்புகளைப் பதிவு செய்ய 2018 முதல் நாட்டில் தனித் திட்டமே இருக்கிறது. செவிலியர் எழுதும் ஒரு வரி அங்கே போய்ச் சேரவும் வழி வேண்டும். இவையெல்லாம் வரும்வரை காத்திருக்காமல் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது மாத்திரை அட்டைகளோடு சூரண டப்பாவையும், எண்ணெய்ப் புட்டியையும், கடையில் மடித்துத் தந்த பொட்டலத்தையும் அதே பையில் போட்டுக்கொள்ளுங்கள். என்ன, எவ்வளவு, எத்தனை நாளாக, எதற்காக என்ற நான்கையும், யாரும் கேட்காவிட்டாலும், செவிலியரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.